கிடைக்காத பாகங்களோடு ஒரு பழைய ஆஃப்-ரோடு வண்டி: எந்த வழியில் சீரமைப்பது?

1960களின் இறுதியிலிருந்து 1980களின் தொடக்கம் வரை, காட்டுப் பாதைகளுக்கும் பந்தயத் திடல்களுக்கும் என்றே செய்யப்பட்ட மோட்டார் சைக்கிள் ஒன்று கைக்கு வந்து, அதன் பாகங்களில் சில தேய்ந்தும் சில காணாமலும் போயிருந்தால், உரிமையாளர் முன்னால் ஐந்து வழிகள் இருக்கின்றன. அக்காலத்து அசல் பாகங்களைத் தேடிப் பிடித்து, தொழிற்சாலையிலிருந்து வெளிவந்த நாளில் இருந்ததைப் போலவே அதை மீட்டெடுக்கலாம். அதே மாடலில் இன்னொரு பழுதான வண்டியை வாங்கி இரண்டையும் சேர்த்து ஒன்றாக்கலாம். இல்லாத பாகங்களைப் புதிதாகச் செய்துகொள்ளலாம், அல்லது செய்து விற்பவர்களிடம் வாங்கலாம். அசலைப் பற்றிக் கவலைப்படாமல் இக்காலப் பாகங்களைப் பொருத்தி ஓட்டலாம். தோற்றத்தைத் தொடாமல் எஞ்சினையும் பிரேக்கையும் மட்டும் சரிசெய்து, இருக்கும் கோலத்திலேயே வைத்துக்கொள்ளவும் செய்யலாம். இவற்றுள் ஒன்றை முதலிலேயே மனத்தில் வரித்துக்கொண்டு வேலையைத் தொடங்குவது பெரும்பாலோர் வழக்கம். பிரித்துப்போட்ட வண்டிகள் ஆண்டுக்கணக்காக அட்டைப் பெட்டிகளில் கிடப்பதற்கு அந்த வழக்கமே முதல் காரணம் என்பது என் எண்ணம். எந்த வழி பொருந்தும் என்பதை அந்த வண்டியில் உண்மையாகவே அரிதான மூன்று நான்கு பாகங்கள்தாம் தீர்மானிக்கின்றன. அவை எவை, எந்த நிலையில் இருக்கின்றன என்று தெரியும் முன் எடுக்கும் முடிவு பெரும்பாலும் பாதியில் கைவிடப்படும்.

இந்த வகை வண்டிகளுக்குப் பாகங்கள் ஏன் இவ்வளவு அரிதாயின என்பதையும் பார்க்க வேண்டும், ஏனெனில் காரணத்தைப் பொறுத்துத் தீர்வும் மாறுகிறது. சாலையில் ஓடும் வண்டி மழைக்கு ஒதுங்கி நிற்கும். இதுவோ சேற்றில் விழுவதற்கென்றே வாங்கப்பட்டது. எடையைக் குறைப்பதற்காக விளக்குகளையும் இண்டிகேட்டர்களையும் முதல் வாரத்திலேயே கழற்றி எறிந்தவர்கள் உண்டு. மட்கார்டு உடைந்தால் கையில் கிடைத்ததைப் பொருத்தினார்கள், சைலன்சர் கல்லில் மோதி நசுங்கினால் அறுத்துவிட்டார்கள். இதைவிடப் பெரிய காரணம் 1970களில் சஸ்பென்ஷனில் நடந்த மாற்றம். 1972 வாக்கில் மோட்டோகிராஸ் (மேடுபள்ளமான மண் திடலில் நடக்கும் பந்தயம்) வண்டியின் பின்சக்கரம் ஏறி இறங்கும் தூரம் சுமார் 100 மில்லிமீட்டராக இருந்தது; 1980களின் தொடக்கத்தில் அது ஏறத்தாழ 300 மில்லிமீட்டரை எட்டியது. இடைப்பட்ட ஆண்டுகளில் ஷாக் அப்சார்பர்கள் முன்னோக்கிச் சாய்க்கப்பட்டன. 1975இல் யமஹா தன் ஒய்இசட்250 வண்டியில் ஒற்றை ஷாக் அமைப்பைக் கொண்டுவந்தது. ஆண்டுக்கு ஒரு சேஸிஸ், ஆண்டுக்கு ஒரு ஸ்விங் ஆர்ம் (பின்சக்கரத்தைத் தாங்கி ஏறி இறங்கும் கை), அவற்றுக்கேற்பப் புதிய டேங்க், புதிய சைலன்சர் என்று மாடல்கள் மாறிக்கொண்டே இருந்தன. ஒரே ஓர் ஆண்டுக்கு மட்டும் செய்யப்பட்ட பாகம், அதைச் செய்த நிறுவனம் இன்றும் செழிப்பாக நடந்தாலும், அதன் கிடங்கில் இருக்காது.

இதிலிருந்து புதியவர்கள் எதிர்பார்க்காத ஒரு நிலை பிறக்கிறது. மூடப்பட்ட நிறுவனத்தின் வண்டிக்குத்தான் பாகம் கிடைக்காது என்று நினைப்பது இயல்பு. ஹோடாக்கா என்ற வண்டி நிறுவனம் 1978இல் நின்றுபோனது. பார்சிலோனாவின் புல்டாக்கோவும் ஜெர்மனியின் மைக்கோவும் 1983இல் வீழ்ந்தன. ஆயினும் 1960களின் நடுவில் வந்து பல ஆண்டுகள் சிறு சிறு மாற்றங்களோடு செய்யப்பட்ட புல்டாக்கோ ஷெர்பா டி போன்ற ஒரு வண்டிக்கு, டிரையல்ஸ் பந்தயங்களில் (பாறைகளையும் தடைகளையும் காலூன்றாமல் கடக்கும் போட்டி) அதை இன்றும் ஓட்டுகிறவர்கள் இருப்பதால், பிஸ்டன் முதல் ஃபைபர்கிளாஸ் டேங்க் வரை சிறு பட்டறைகள் புதிதாகச் செய்து விற்கின்றன. இலட்சக்கணக்கில் விற்ற ஜப்பானிய நிறுவனம் ஒன்று ஓராண்டு மட்டும் செய்த மோட்டோகிராஸ் வண்டியின் பக்கவாட்டு மூடிக்கு அந்தப் பாக்கியம் இல்லை. நிறுவனம் உயிரோடு இருக்கிறதா என்பதை விட, அந்த மாடலை இன்றும் ஓட்டுகிறவர்கள் எத்தனை பேர், அந்த வடிவம் எத்தனை ஆண்டுகள் மாறாமல் இருந்தது என்ற இரண்டு கேள்விகளே பயனுள்ளவை.

மூன்றாவதாக வண்டியின் உறவுமுறையையும் விசாரிக்க வேண்டும். 1976இல் வந்த யமஹா எக்ஸ்டி500, முதல் பாரிஸ்-டக்கார் பந்தயத்தில் 1979இல் சிரில் நெவுவுக்கு வெற்றி தேடித் தந்த வண்டி. அந்தப் புகழும் அதன் பாகங்களுக்கு உதவுகிறது என்றாலும், அதைவிட உதவுவது அதன் எஞ்சினிலிருந்து கிளைத்த எஸ்ஆர் வரிசைச் சாலை வண்டிகள். எஸ்ஆர்500 1978இல் வந்தது. அதன் தம்பியான எஸ்ஆர்400 2021 வரை செய்யப்பட்டது. காட்டு வண்டியின் எஞ்சினுக்குச் சாலையில் நீண்ட நாள் வாழ்ந்த உறவு இருந்தால் எஞ்சின் பாகங்களுக்குக் கவலையில்லை. டேங்க், மட்கார்டு, சைலன்சர் ஆகியவற்றை மட்டும் தேடினால் போதும்.

அரிதும், அரிதுபோல் தோன்றுவதும்

வண்டியைக் கழற்றும் முன் அதன் பாகப் பட்டியல் புத்தகத்தைத் தேடி எடுத்து, தேவையான ஒவ்வொன்றையும் எழுதிப் பார்த்தால், பயமுறுத்தும் நீளத்தில் ஒரு பட்டியல் வரும். அதில் பெரும்பகுதி உண்மையில் அரிதே அல்ல. கிராங்க் ஷாஃப்டைத் தாங்கும் பேரிங்குகள் உலகெங்கும் ஒரே அளவில் செய்யப்படும் பொதுப் பொருள்கள். 6305 என்ற எண் பொறித்த பேரிங் எந்த நிறுவனத்தினுடையது ஆனாலும் 25 மில்லிமீட்டர் உள் விட்டமும் 62 மில்லிமீட்டர் வெளி விட்டமும் 17 மில்லிமீட்டர் அகலமும் கொண்டது. ‘கிடைக்கவில்லை’ என்று வண்டி நிறுவனம் கைவிரித்த அதே பேரிங், தண்ணீர் பம்பு பழுதுபார்ப்பவரின் அலமாரியில் இருக்கும். எண்ணோடு வரும் சி3 என்ற குறியை மட்டும் கவனிக்க வேண்டும்; சூட்டில் விரிவதற்குக் கூடுதல் இடைவெளி உள்ள வகை அது, கிராங்க் ஷாஃப்டுக்குப் பெரும்பாலும் அதுவே தேவை. ஆயில் சீல்களையும் அதேபோல உள் விட்டம், வெளி விட்டம், அகலம் என்ற மூன்று அளவுகளைச் சொல்லி வாங்கலாம். ஸ்போக்குகளைத் தேவையான நீளத்துக்கு வளைத்துத் தருகிறவர்கள் இருக்கிறார்கள். கேஸ்கெட்டைத் தாளிலிருந்து வெட்டிக்கொள்ளலாம். கிளட்ச் தகடுகளும் செயினும் ஸ்பிராக்கெட்டும் இன்னும் புழக்கத்தில் உள்ளவை. மிக்குனியின் வட்ட ஸ்லைடு கார்புரேட்டரும் அமால் கார்புரேட்டரும் இன்றும் புதிதாகவே கிடைக்கின்றன.

எஞ்சியவற்றிலும் சில, வேறு பெயரில் ஒளிந்திருக்கும். யமஹாவின் பாக எண்ணில் முதல் மூன்று எழுத்துகள் அந்தப் பாகம் முதன்முதலில் எந்த மாடலுக்காகச் செய்யப்பட்டது என்பதைக் காட்டும். 1968இல் வந்த டிடி-1 வண்டிக்கு அது 214. ஹோண்டாவின் எண்ணில் நடுவிலுள்ள மூன்று இலக்கங்கள் அந்த வேலையைச் செய்கின்றன. பட்டியலில் உங்கள் வண்டியின் பக்கத்திலேயே வேறொரு மாடலின் குறியீடு இருந்தால், அந்தப் பாகம் அந்த மாடலிலிருந்து இரவல் வாங்கப்பட்டது என்று பொருள். அந்த மாடல் அதிகம் விற்றதாக இருந்தால் தேடல் அதோடு முடிந்தது. பொறுமையாக இரண்டு மாலைகள் உட்கார்ந்து இந்த எண்களைப் படிப்பது, பிற்பாடு ஆறு மாத அலைச்சலை மிச்சப்படுத்தும்.

இவை எல்லாம் கழிந்த பின் நிற்பவைதாம் உண்மையில் அரியவை: கிராங்க் கேஸ் (கிராங்க் ஷாஃப்டும் கியர்களும் அடங்கிய எஞ்சின் கூடு), சிலிண்டர், சிலிண்டர் ஹெட், கியர்கள், டூ-ஸ்ட்ரோக் வண்டியின் வயிறு பருத்த சைலன்சர் குழாய், டேங்க், பக்க மூடிகள், சக்கர ஹப், ஸ்பார்க்குக்கு மின்சாரம் தரும் மேக்னெட்டோ. இவற்றுள் எவை உங்களிடம் இல்லை, எவை பழுது என்பதை எழுதினால் பெரும்பாலும் மூன்று நான்கு பெயர்களே தாளில் நிற்கும். ஒப்பிட வேண்டியது இந்த மூன்று நான்கு பாகங்களுக்கு எந்த வழி விடை தருகிறது என்பதை மட்டுமே.

பழைய இருப்பும் இரண்டாவது வண்டியும்

அக்காலத்திலேயே செய்யப்பட்டு, விற்காமல் கடை மூலையில் உறை பிரிக்கப்படாமல் கிடந்த அசல் பாகம்தான் தேடுகிறவர்களின் கனவு. அளவு சரியாக இருக்கும், உலோகத்தின் தரம் தெரிந்தது, நிறுவனத்தின் முத்திரையும் இருக்கும். கியர், பிஸ்டன், கிராங்க் கேஸ், லீவர், சின்னம் பொறித்த மூடி ஆகியவற்றுக்கு இதைவிடச் சிறந்தது இல்லை. ஆனால் இதே பெருமையை ரப்பருக்கும் மின்பாகத்துக்கும் கொடுப்பது தவறு. நைட்ரைல் ரப்பரால் செய்த ஆயில் சீல் உறைக்குள் இருந்தாலும் நாற்பது ஐம்பது ஆண்டுகளில் இறுகிப்போகும்; ஸ்பார்க் வரும் நேரத்தைக் கட்டுப்படுத்தும் பாயிண்டுக்குத் துணையாக நிற்கும் கண்டென்சர் ஓடாமலேயே கெடும்; கார்க் கேஸ்கெட் தொட்டால் உதிரும். உறை பிரிக்காத பழைய சீல்களை ‘அசல்’ என்ற ஒரே மகிழ்ச்சியில் நான் ஓர் எஞ்சினில் பொருத்தினேன். மேக்னெட்டோ பக்கத்துச் சீல் வழியாகக் காற்று உள்ளே புகுந்து, பெட்ரோல் கலவை மெலிந்து, பிஸ்டன் சூடேறிச் சிலிண்டரைப் பிடித்துக்கொண்டது. குற்றம் முழுக்க என்னுடையது. இன்று கிடைக்கும் ஃப்ளோரோ ரப்பர் சீல் ஒன்றை அளவு சொல்லி வாங்கியிருந்தால், சிலிண்டரைக் குடைந்து பெரிதாக்கும் போரிங் செலவும் அதற்கேற்ற ஓவர்சைஸ் பிஸ்டன் ஒன்றும் மிஞ்சியிருக்கும்.

பழைய இருப்பின் இன்னொரு குறை விலை. விற்பவருக்கு அதன் அருமை தெரியும், வாங்குபவரின் அவசரமும் தெரியும். ஒரு வண்டியை முழுவதும் இந்த வழியில் முடிக்க நினைப்பவர், இறுதியில் அது விற்கும் விலையை விடக் கூடுதலாகச் செலவழிப்பார் என்று தைரியமாகச் சொல்லலாம். கண்காட்சியில் நடுவர் முன் நிறுத்தும் நோக்கம் இருந்தாலொழிய அதற்கு நியாயம் இல்லை.

அதே மாடலில் இரண்டாவது வண்டியை வாங்குவது பார்வைக்கு அழகில்லாத வழி, ஆனால் பெரும் எண்ணிக்கையில் விற்ற மாடல்களுக்கு நான் முதலில் பரிந்துரைப்பது இதைத்தான். தனித்தனியாக வாங்கினால் நான்கு அரிய பாகங்களுக்கு ஆகும் தொகையில், ஓடாத வண்டி ஒன்று முழுதாகவே கிடைத்துவிடும். அதோடு, பாகப் பட்டியலில் எழுத மறந்த வாஷர்கள், ஸ்பேசர்கள், கிளாம்புகள், வயர்களின் போக்கு, கேபிள் எந்தப் பக்கம் வளைகிறது என்பன எல்லாம் கண்முன் நிற்கும். பிரித்த வண்டியைத் திரும்பப் பூட்டும்போது எந்தக் கையேட்டை விடவும் பூட்டியபடி நிற்கும் இன்னொரு வண்டி நன்றாக வழிகாட்டும். இரண்டு வண்டிகளும் ஒரே இடத்தில் தேய்ந்திருக்கும் என்பதுதான் இதன் எல்லை. ஒரு மாடலுக்கு மூன்றாம் கியர் பலவீனம் என்றால் இரண்டிலும் மூன்றாம் கியரே போயிருக்கும். ஆகவே இரண்டாவது வண்டியைப் பார்க்கப் போகும்போது அதன் பொதுவான நிலையைப் பார்த்து மயங்காமல், தாளில் நிற்கும் அந்த மூன்று நான்கு பாகங்களை மட்டுமே பார்க்க வேண்டும். துருப்பிடித்த சேஸிஸும் கிழிந்த இருக்கையுமாகக் கிடக்கும் வண்டியில் அந்த நான்கும் நன்றாக இருந்தால் அதுவே நல்ல வண்டி.

இங்கே ஓர் எச்சரிக்கை. கிராங்க் கேஸின் இரு பாதிகளும் தொழிற்சாலையில் ஒன்றாகச் சேர்த்துக் கடைசல் பிடிக்கப்பட்டவை. ஒரு வண்டியின் இடப் பாதியையும் மற்றொன்றின் வலப் பாதியையும் சேர்த்தால் பேரிங் குழிகள் நேர்கோட்டில் அமையாமல் போகக்கூடும். எஞ்சின் எண்ணும் இந்தக் கேஸில்தான் இருக்கும் என்பதால், கேஸை மாற்றுவது வண்டியின் அடையாளத்தையும் ஆவணங்களையும் தொடும் செயல். முடிந்தவரை அசல் கேஸை வெல்டிங் செய்து காப்பாற்றி, உள்ளே இருப்பவற்றை மட்டும் மாற்றுவதே நல்லது.

புதிதாகச் செய்வது

பட்டறைக்காரர் ஒருவரின் துணையோடு பாகத்தைப் புதிதாகச் செய்துகொள்வது, அல்லது பழையதை உயிர்ப்பிப்பது, முன்பைவிட இன்று எளிது. ஆனால் எல்லாப் பாகத்துக்கும் ஒரே அளவில் எளிது அல்ல. இந்த வேறுபாட்டைத் தெரிந்துகொள்ளாமல் எடுக்கும் முடிவுகளே பெரும்பாலும் ஏமாற்றத்தில் முடிகின்றன.

சிலிண்டரில் நம்பிக்கை அதிகம். வார்ப்பிரும்பு லைனர் உள்ள சிலிண்டரை 0.25 மில்லிமீட்டர் படிகளில் பெரிதாக்கி ஓவர்சைஸ் பிஸ்டன் போடும் வழக்கத்துக்கென்றே நிறுவனங்கள் பிஸ்டன்களைச் செய்தன. கடைசி ஓவர்சைஸும் முடிந்துவிட்டால் பழைய லைனரை எடுத்துப் புதியதை இறக்கலாம். நிக்கல்-சிலிக்கான் கார்பைடு முலாம் பூசிய சிலிண்டர் என்றால் முலாமைத் திரும்பப் பூசித் தருகிறவர்கள் இருக்கிறார்கள். உரிய பிஸ்டன் இல்லாவிட்டால், பிஸ்டனைக் கனெக்டிங் ராடோடு இணைக்கும் உருளையின் விட்டமும் அந்த உருளையிலிருந்து பிஸ்டன் தலை வரையிலான உயரமும் ஒத்துப்போகிற வேறு வண்டியின் பிஸ்டனைத் தேடலாம். டிடி-1 போன்ற 70 × 64 மில்லிமீட்டர் அளவுள்ள 246 சிசி எஞ்சினுக்கு அந்த விட்டத்தை ஒட்டிய பிஸ்டன்கள் பல உள்ளன. ஆனால் டூ-ஸ்ட்ரோக்கில் பிஸ்டன் என்பது கதவும் கூட. அதன் கீழ்ப்பகுதியான பாவாடையின் நீளமும் அதிலுள்ள துளைகளும் ரிங் முனைகள் நிற்கும் இடமும் சிலிண்டரின் போர்ட்டுகளோடு (கலவை புகுந்து புகை வெளியேறும் திறப்புகள்) பொருந்தாவிட்டால் எஞ்சின் ஓடாது, அல்லது ரிங் போர்ட்டில் சிக்கி உடையும். அடித்து உருவாக்கிய ஃபோர்ஜ்டு பிஸ்டன் சூட்டில் கூடுதலாக விரியும் என்பதால் அதற்குச் சிலிண்டரில் விடும் இடைவெளியும் கூடுதல். பழைய கையேட்டின் அளவை அப்படியே பின்பற்றக் கூடாது. போரிங் முடிந்ததும் போர்ட்டுகளின் விளிம்பை மழுக்கச் சொல்வதும் உரிமையாளரின் பொறுப்பு. நான்கு சக்கர வண்டிகளையே பார்த்துப் பழகிய போரிங் பட்டறைகளில் இது விடுபட்டுப் போவது உண்டு.

ஃபோர்-ஸ்ட்ரோக் வண்டிகளில் வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்ட் எதன்மேல் சுழல்கிறது என்று பார்த்த பிறகே விலை பேச வேண்டும். எக்ஸ்டி500இல் அது பால் பேரிங்குகள் மேல் சுழல்கிறது. தேய்ந்தால் பேரிங்கை மாற்றினால் தீர்ந்தது. 1972இல் வந்த ஹோண்டா எக்ஸ்எல்250 போன்றவற்றில் அது சிலிண்டர் ஹெட்டின் அலுமினியத்தின் மேலேயே நேராகச் சுழல்கிறது. ஆயில் இல்லாமல் ஓட்டிய யாரோ ஒருவரின் அலட்சியத்துக்கு ஹெட் முழுவதும் பலியாகும். வெல்டிங் செய்து திரும்பக் கடையலாம், புஷ் இறக்கலாம். இரண்டும் அனுபவம் உள்ள கைகளுக்கு உரிய வேலை.

கியர் வேறு கதை. பல் உடைந்த கியரைப் பார்த்து இன்னொன்றைக் கடைந்துவிடலாம். வயர் கட்டிங் இயந்திரம் அதன் வடிவத்தைத் துல்லியமாகவே வெட்டித் தரும். ஆனால் உள்ளே மென்மையும் மேலே ராக்வெல் சி அளவில் 58 முதல் 62 வரை கடினமும் வரும்படி கார்பன் ஏற்றிச் சூடாக்கிப் பதப்படுத்துவதில்தான் அதன் உயிர் இருக்கிறது. அந்தச் சூட்டில் கியர் சற்றே கோணினாலும் அரைத்துச் சரிசெய்ய வேண்டும். ஒற்றைக் கியருக்காக இத்தனையும் செய்வது பழைய இருப்பை விடச் செலவு பிடிக்கும். பல் நன்றாக இருந்து, பக்கவாட்டில் பிணையும் டாக் எனப்படும் முனைகள் மட்டும் மழுங்கியிருந்தால், அவற்றைச் சில பாகை உட்சாய்வாக அரைத்துக் கொடுத்தால் கியர் நழுவாமல் நிற்கும், இது கட்டுப்படியாகும்.

வார்ப்புப் பாகங்களுக்கு முப்பரிமாண ஸ்கேனரும் பிரிண்டரும் புதிய வழியைத் திறந்திருக்கின்றன. உடைந்த மூடியை ஸ்கேன் செய்து, கணினியில் உடைவைச் சரிசெய்து, பிளாஸ்டிக்கில் அச்சிட்டு, அதையே மாதிரியாக வைத்து மணல் வார்ப்பில் அலுமினியம் ஊற்றலாம். அலுமினியம் ஆறும்போது சுமார் 1.3 விழுக்காடு சுருங்கும் என்பதை மறந்து அசல் அளவிலேயே மாதிரி செய்தால், 200 மில்லிமீட்டர் நீள மூடி இரண்டரை மில்லிமீட்டருக்கும் மேல் குறைந்து நிற்கும், திருகுத் துளை ஒன்றுகூடப் பொருந்தாது. மூடி, ஹேண்டில் கிளாம்பு போன்றவற்றுக்கு இந்த வழி நல்லது. சக்கர ஹப்பு, ஃபோர்க் தாங்கி போன்று உயிர் தொங்கும் பாகங்களைச் சிறு வார்ப்படச் சாலையில் ஊற்றிப் பொருத்துவதை நான் ஏற்பதில்லை. உள்ளே இருக்கும் காற்றுக் குமிழி வெளியே தெரியாது.

ஆர்வலர்களுக்காகச் செய்து விற்கப்படும் மறுதயாரிப்புப் பாகங்களின் தரம் ஒன்றுபோல் இருப்பதில்லை. மட்கார்டு, இருக்கை உறை, ஸ்டிக்கர், ஃபைபர்கிளாஸ் டேங்க் ஆகியவை நன்றாகவே வருகின்றன. ரப்பரும் கேபிளும் பரவாயில்லை. மறுதயாரிப்பு சைலன்சர் குழாய் அசலின் தோற்றத்தைக் காட்டும், ஆனால் டூ-ஸ்ட்ரோக்கில் அந்தக் குழாயின் கூம்புகளின் நீளமும் கோணமுமே எந்த வேகத்தில் இழுவை வரும் என்பதைத் தீர்மானிக்கின்றன. நசுங்கிய அசல் குழாய் கையில் இருந்தால், இரு முனைகளையும் அடைத்துக் காற்றழுத்தம் கொடுத்துச் சூடாக்கி நிமிர்த்துவதோ, வெட்டித் தட்டித் திரும்ப வெல்டிங் செய்வதோ பெரும்பாலும் மேல்.

இக்காலப் பாகங்களும், தொடாமல் விடுவதும்

ஓட்டுவதற்கென்று வண்டி வைத்திருப்பவருக்கு மின்சாரப் பகுதியில் அசலைப் பிடித்துத் தொங்க வேண்டிய அவசியம் இல்லை. பாயிண்டும் கண்டென்சரும் கொண்ட மேக்னெட்டோ எளியது, 0.3 முதல் 0.4 மில்லிமீட்டர் வரை இடைவெளி வைத்துக்கொண்டால் காட்டு நடுவிலும் சரிசெய்துகொள்ளலாம், ஆகவே நன்றாக ஓடினால் அதை மாற்ற வேண்டாம். 1970களின் ஐரோப்பிய வண்டிகள் பலவற்றில் வந்த மோட்டோபிளாட் எலெக்ட்ரானிக் இக்னிஷன் அப்படியல்ல. அதன் சுருள்கள் பிசினுக்குள் வார்த்து மூடப்பட்டிருப்பதால் பிரித்துச் சுற்றுவது பெரும்பாடு. அது இறந்துவிட்டால், கிராங்க் ஷாஃப்டின் அதே கூம்பு முனையில் பொருந்தும் புதிய இக்னிஷன் ஒன்றை வாங்கிவிடுவதே புத்தி. அது மூடிக்குள் மறைந்துவிடும், கிக்கரை மிதிக்கும் காலுக்கு மட்டுமே வேறுபாடு தெரியும். கார்புரேட்டருக்கும் இதே நியாயம். தேய்ந்த ஸ்லைடோடு போராடுவதை விட அதே விட்டத்தில் புதிய மிக்குனி ஒன்றைப் போட்டு ஜெட்டுகளைச் சரிபார்ப்பது மேல்.

ஆனால் இந்த வழி எங்கே நிற்க வேண்டும் என்பதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. பின்னால் நீளப் பயண ஷாக், முன்னால் இக்கால ஃபோர்க், டிஸ்க் பிரேக் என்று போய்விட்டால், எஞ்சின் மட்டுமே பழையதாக ஒரு புதிய வண்டி எஞ்சும். பழைய சேஸிஸின் கழுத்து அந்த விசைகளைத் தாங்கச் செய்யப்பட்டதும் அல்ல. அடுத்தவர் ஒரு நாள் திருப்பிக் கழற்றி அசலைப் பொருத்திவிட முடியுமா என்பதையே நான் அளவாக வைத்துக்கொள்கிறேன். புதிய ஓட்டை போடாமல், எதையும் அறுக்காமல் பொருந்துவது சரி.

டேங்க் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஸ்பானிய வண்டிகளின் ஃபைபர்கிளாஸ் டேங்க்கில் எத்தனால் கலந்த பெட்ரோலை ஊற்றினால் பழைய பாலியெஸ்டர் பிசின் மெல்ல இளகும். கரைந்தது கார்புரேட்டரில் பசையாகப் படியும். உள்ளே எபாக்சி பூச்சு கொடுப்பது ஓரளவு காக்கும். எனினும் அசல் டேங்க்கை அலமாரியில் வைத்துவிட்டு, எத்தனாலைத் தாங்கும் பிசினில் செய்த மறுதயாரிப்பு டேங்க்கோடு ஓட்டுவதே நிம்மதி.

தோற்றத்தைத் தொடாமல் விடும் வழியைப் பலர் சோம்பேறியின் வழி என்று நினைக்கிறார்கள். தொழிற்சாலைப் பெயின்டும் ஸ்டிக்கரும் கீறலோடு எஞ்சியிருக்கும் வண்டியை ஒருமுறை மணலடித்துப் பெயின்ட் அடித்துவிட்டால் திரும்பப் பெறவே முடியாது. அதே கீறல்களோடு இருக்கும் வண்டிக்கு மதிப்பு கூடிவருவதையும் பார்க்கிறோம். மெக்னீசியத்தால் செய்த கேஸும் ஹப்பும் உள்ள பந்தய வண்டிகளில் மணலடிப்பது தீங்கே செய்யும், ஏனெனில் காப்புப் பூச்சு போன மெக்னீசியம் ஈரக் காற்றிலேயே அரித்துப்போகும். இந்த வழியில் செல்பவர் எஞ்சினைப் பிரிக்கும் முன், சிலிண்டர் வாய்களை அடைத்துச் சுமார் 0.4 பார் காற்றழுத்தம் கொடுத்துச் சில நிமிடம் நிற்கிறதா என்று பார்த்தால், சீல்களை மாற்ற வேண்டுமா என்ற கேள்விக்கு மாலை ஒன்றில் விடை தெரிந்துவிடும். சேஸிஸின் கழுத்து, கால் வைக்கும் கம்பி பொருந்தும் இடம், ஸ்விங் ஆர்ம் சுழலும் அச்சு ஆகிய இடங்களில் வெடிப்பு உள்ளதா என்று பார்ப்பதும் பழைய பெயின்ட்டின் மேல் எளிது; பவுடர் கோட்டிங்கின் தடிமனுக்குள் மயிரிழை வெடிப்பு மறைந்துவிடும்.

எந்த வண்டிக்கு எது

பெரும் எண்ணிக்கையில் விற்ற ஜப்பானிய டிரெயில் வண்டி (காட்டுப் பாதையிலும் சாலையிலும் ஓடுவது), டிடி-1 அல்லது எக்ஸ்எல்250 போன்றது, உங்களிடம் இருந்தால் இரண்டாவது வண்டியே முதல் தேர்வு. பேரிங், சீல், கேபிள், பிஸ்டன் ஆகியவற்றைப் புதிதாக வாங்கி, அரியவற்றை அந்த இரண்டாவது வண்டியிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். பழைய இருப்புக்குப் பெரும் தொகை கொடுக்க வேண்டியிருக்காது. எக்ஸ்டி500 போல நீண்ட ஆயுள் கொண்ட உறவினர் உள்ள வண்டிக்கு இரண்டாவது வண்டியும் தேவையில்லை.

மூடப்பட்ட ஐரோப்பிய நிறுவனங்களின் டிரையல்ஸ் வண்டிகளுக்கு மறுதயாரிப்புப் பாகங்களும் இக்கால இக்னிஷனும் போதும். அவ்வண்டிகளில் இரண்டாவது வண்டி வாங்குவது பெரும்பாலும் இன்னொரு பழுதான மேக்னெட்டோவையும் இன்னொரு கரைந்த டேங்க்கையும் வாங்குவதாக முடியும்.

ஓராண்டு மட்டும் வந்த மோட்டோகிராஸ் வண்டிதான் கடினமானது. அதன் கேஸ், ஹப்பு, ஸ்விங் ஆர்ம், குழாய் நான்கும் இருந்தால் தயங்காமல் சீரமைப்பில் இறங்கலாம். ஒன்று மட்டும் குறைந்தால் பழைய இருப்புக்காக எவ்வளவு கொடுக்கவும் தயாராக இருக்க வேண்டும். இரண்டு குறைந்தால் அதை இருக்கும் நிலையிலேயே வைப்பதோ, அந்த நான்கில் வேறெதோ குறைந்து தவிக்கும் இன்னொரு உரிமையாளருக்குக் கொடுத்துவிடுவதோ சரி. முழுதாக இருக்கும் ஒரு வண்டியை வாங்குவது, குறைபட்ட ஒன்றை முழுதாக்குவதை விட அநேகமாக எப்போதும் மலிவு என்பது இந்த வகையில் மற்ற எல்லாவற்றிலும் அதிகமாக உண்மை.

தேடலுக்கும் ஒரு கெடு வைத்துக்கொள்வது நல்லது. அரிய பாகங்கள் கையில் வந்து, அளந்து பார்த்து, பொருந்தும் என்று உறுதியான பிறகே குரோம் முலாமுக்கும் பெயின்ட்டுக்கும் பணம் போக வேண்டும். பளபளக்கும் டேங்க்கோடு கியர் இல்லாமல் நிற்கும் வண்டியை விற்பது கூடக் கடினம். எந்த வழியில் போனாலும் கழற்றிய அசல் பாகங்களை எறியக் கூடாது. உடைந்த கியரும் அளவெடுக்க மாதிரியாகும், செத்த மோட்டோபிளாட்டின் கூம்பும் சாவிக்காடியும் புதிய இக்னிஷன் செய்பவருக்கு வேண்டும், கரைந்த டேங்க்கின் வெளிவடிவிலிருந்து அச்சு எடுக்கலாம். ஒவ்வொன்றிலும் எந்த எஞ்சின் எண்ணுள்ள வண்டியிலிருந்து எப்போது கழற்றியது என்று சீட்டு எழுதிக் கட்டி ஒரே பெட்டியில் வைத்து, வண்டி கைமாறும் நாளில் அந்தப் பெட்டியையும் அதனோடு கொடுத்துவிட வேண்டும்.